ஒரு விசில், இரண்டு விசில்

மார்ச் 3, ஞாயிறு

பேசிவிட்டார்! மாமா பேசிவிட்டார்!

காலையில் என் புருசனுக்கு இட்லியைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் 7-பி டவுன் பஸ் போனது. தினமும்தான் போகிறது. ஆனால் இன்றைக்கு அதன் ஹாரன் கேட்டதும் மனுசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு ஒரே மூச்சில், "சந்தக்கட, மில்லுகேட்டு, பெரியாசுபத்திரி, கரட்டு மாரியம்மங்கோயிலு, வாய்க்காப் பாலம், நால்ரோடு, வெள்ளக்கரடெல்லாம் ஏறு!" என்றார்.

தை மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் ஒரே நாளில் போனவர். அன்றிலிருந்து "ஆ", "ம்" தவிர ஒன்றும் வந்ததில்லை. இன்றைக்கு ஒரு ரூட்டையே சொல்லிவிட்டார்! சர்வீஸில் பாதிக்கு மேல் அந்த 7-பி-யில்தான் கண்டக்டராக இருந்தார். நான் போட்ட சத்தத்தில் சாம்பார்க் கிண்ணம் கவிழ்ந்தது, பக்கத்து வீட்டு சுலோச்சனா என்னவோ ஏதோ என்று அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தாள்.

மகள் பிருந்தாவுக்குப் போன் போட்டேன்.

"என்ற பேரச் சொன்னாராம்மா?"

"இல்ல கண்ணு, ஸ்டாப்புப் பேரச் சொன்னாரு. எல்லா ஸ்டாப்பும் வரிசையாச் சொன்னாரு!"

"சரிம்மா, நல்லது" என்றாள்.

இவ்வளவு பெரிய சமாச்சாரத்துக்கு ஒரு "நல்லது". சென்னையில் வேலைக்குப் போனதிலிருந்து இவள் இப்படித்தான், சந்தோசத்தைக்கூட அளந்துதான் காட்டுவாள். ஆனால் அவள் ஏக்கமும் எனக்குத் தெரியும். வைகாசியில் கல்யாணம். நகை வேண்டாம், சீர் வேண்டாம், அப்பா என்னை இன்னாரென்று தெரிந்து ஒரு வார்த்தை பேசி அனுப்பினால் போதும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அழுதவள்.

பேசுவார். பேசவைக்காமல் விட மாட்டேன்.

மார்ச் 4, திங்கள்

பேச்சுப் பயிற்சிக்கு வரும் ஷர்மிளா மிஸ்ஸிடம் சொன்னேன். மனப்பாடமாக ஊறிப்போன பேச்சு மூளையில் வேறொரு பக்கம் தங்கியிருக்குமாம். பாட்டு, சாமி சுலோகம் எல்லாம் அப்படி வருமாம்.

"ரொம்ப நல்ல அறிகுறிங்க்கா. ஆனா அதுலயே நின்னறக் கூடாது. அதப் புடிச்சு மெதுவா இன்னைக்குப் பேச்சுக்கு கூட்டிட்டு வரோணும்."

எனக்கு முதல் பாதி போதும்.

மார்ச் 6, புதன்

பரணில் ஏறி இறங்கியதில் இடுப்பு போய்விட்டது. போனால் போகட்டும், மாமாவின் கண்டக்டர் தோல் பை கிடைத்தது! வார் மட்டும் வெடித்திருந்தது, தையல் மிஷினில் வைத்து இரண்டு ஓட்டு ஓட்டிவிட்டேன். விசில் சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பின்னால் இருந்தது. புதுக் கயிறு கோத்து அவர் கழுத்தில் போட்டேன். இடது கையால் எடுத்து வாயில் வைத்தாரே, அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பாவாடை தைக்க வந்த துணி எட்டு நாளாகக் கிடக்கிறது. கேட்டால் கல்யாண வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 10, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் வீட்டில் பஸ் ஓடியது!

ஹாலில் நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டேன். நடுவில் வழி. முன்னால் ஒற்றை நாற்காலி, டிரைவர் சீட். டிரைவர் வேறு யார், அந்தோணியண்ணன்தான். அவரும் மாமாவும் ஒரே வண்டியில் ஓடியவர்கள். நான் போன் பண்ணினதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் ரிட்டையர் ஆன பிறகு வாடகைக் கார் ஓட்டுகிறார்.

"ஏனுங் கண்டக்டரே, வண்டிய எடுக்கலாங்களா?"

மாமா விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார். இரண்டு விசில் என்றால் போகலாம், ஒரு விசில் என்றால் நிறுத்து. அண்ணன் வாயாலேயே கியர் போட்டார். சுலோச்சனா, அவள் மாமியார், எதிர்வீட்டு வாத்தியார் எல்லோரும் பயணிகள்.

மாமா கம்பை ஊன்றிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நடந்தார். யார் கெஞ்சினாலும் நாலு அடி நடக்காதவர்! சுலோச்சனாவிடம் போய், "டிக்கெட்டு" என்றார்.

"எங்குளுக்குத்தான் இப்ப டவுன் பஸ்ஸுல டிக்கெட்டே கெடையாதுங்களேண்ணா, பொம்பளைகளுக்கு எலவசமாச்சே" என்றாள் அவள். மாமா நீட்டிய கையை எடுக்கவில்லை. இது பழைய பஸ், மரியாதையாகக் காசை எடு என்று நான் அதட்டினேன். சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

"நான் வண்டி ஓட்டுன காலத்துல ஒரு நாளும் பின்னாடி திரும்பிப் பாத்ததில்லைங் மயிலு" என்றார் அண்ணன், காபி குடிக்கும்போது. "இந்தாளு விசில் குடுத்தா எடுப்பேன். குடுத்தா நிறுத்துவேன். அவ்வளவுதான். பின்னாடி இருக்கறதெல்லாம் அவுரு பொறுப்பு."

மார்ச் 15, வெள்ளி

இன்றைக்கு நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். கனகாம்பரம் வைத்துக்கொண்டேன். சும்மா, கடையில் இருந்தது.

மாமா வந்து என் முன்னால் நின்றார். "அம்மிணி, எங்க போகோணும்?" என்றார்.

அதே குரல்! தையல் வகுப்புக்கு நால்ரோட்டில் ஏறி மில் கேட்டில் இறங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் தினமும் கேட்ட அதே கேள்வி. எங்கே போக வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், இருந்தாலும் கேட்பார். ஒரு வருசம் கேட்டுவிட்டு அப்புறம் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்.

"மில்லுகேட்டுங்" என்றேன். எனக்கு வெட்கம் வந்துவிட்டது, இந்த வயதில்! ரிட்டையர் ஆன பிறகு இவர் டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருசங்களில் என்னை ஏறிட்டுப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருப்பாரா? இப்போது தினமும் கேட்கிறார்.

ஷர்மிளா மிஸ்ஸைப் பத்து நாள் கழித்து வரச் சொன்னேன்.

மார்ச் 24, ஞாயிறு

இன்றைக்கு அடித்தது லாட்டரி.

பஸ் ஓடும்போது ஸ்டாப் பெயரை நானும் கூடவே சொல்வேன். வாய்க்கால் பாலம் தாண்டியதும் ஒரு ஆசையில், "நம்ம ஊடு எறங்குங்க!" என்று கூவினேன். எங்கள் வீடு வாய்க்கால் பாலத்துக்கும் நால்ரோட்டுக்கும் நடுவில்தானே இருக்கிறது.

மாமா நின்றுவிட்டார். முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, "அங்க... ஸ்டாப்பு இல்லீங்" என்றார்.

மனப்பாடம் இல்லை இது! யோசித்து, கோபப்பட்டு, தானே சொன்னது! ஷர்மிளா மிஸ்ஸுக்குப் போனில் சொன்னதும் அந்தப் பெண்ணே கத்திவிட்டது. "அதுதாங்க்கா வேணும்! தப்புத் தப்பாச் சொல்லுங்க, திருத்தட்டும். அப்பறம் மெதுவா பஸ்ஸ விட்டு வெளிய கூட்டிட்டு வாங்க" என்றாள்.

செய்யலாம். ஆனால் தப்பாகச் சொன்னால் அன்றைக்கெல்லாம் கோபமாக இருக்கிறார். சரியாகச் சொன்னால் சிரிக்கிறார். சிரித்த முகமே எனக்குப் போதும்.

சுலோச்சனாவின் மாமியாரிடம் பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிருந்தா இரண்டாவது படிக்கும்போது தேர் பார்க்க அவர் பஸ்ஸில் ஏறினோம். இவள் "அப்பா!" என்று கத்தினாள். அவர், "பஸ்ஸுல அப்பா இல்ல, கண்டக்டர். அம்மிணி எங்க போகோணும்?" என்று கேட்டு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. சொந்தப் பிள்ளைக்கும் டிக்கெட் போட்ட மனுசன்! விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது கேட்டில் நின்று இரண்டு விசில் கொடுப்பார். குழந்தை ஜன்னலில் நின்று கை தட்டிச் சிரிக்கும். என்ன காலம் அது.

ஏப்ரல் 6, சனி

பிருந்தா வந்திருக்கிறாள். பத்திரிகை கொடுக்க இரண்டு நாள் லீவு. சொல்லாமல் வைத்திருந்தேன், அவளே பார்க்கட்டும் என்று. பையை வைத்ததும் பிடித்து முதல் சீட்டில் உட்காரவைத்தேன். "பேசாம இரு, பாரு!"

மாமா வந்தார். அவளைப் பார்த்து நின்றார். "அம்மிணி" என்றார்.

பிருந்தா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அவளை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். "அப்பா!" என்றாள்.

"எங்க போகோணும்?" என்றார் மாமா. கையை விடுவித்துக்கொண்டு நீட்டினார். "டிக்கெட்டு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

சண்டை.

"ஏம்மா, அவரு இங்க இருக்கறவரு. நீ அவர எங்கியோ கொண்டுபோய் எறக்கி உட்டுட்டு வந்திருக்கற."

"பேசாம கெடந்த மனுசன் பேசறாரு. அது உனக்குப் புடிக்கலியா?"

"யாருகிட்டம்மா பேசறாரு? ஏறுறவங்க கிட்ட. அந்த பஸ்ஸுல நான் எங்கம்மா இருக்கறேன்?"

நான் முருங்கைக்காயை நறுக்கினேன். சாயங்காலம் ரயிலேற்றிவிட்டேன். தலை வலிக்கிறது.

ஷர்மிளா மிஸ்ஸும் போனில் அதையே சொல்கிறாள். பஸ்ஸுக்கு வெளியே அவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பசித்தாலும் சொல்வதில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைக்கனி. மாம்பழம், கண்ணாடி, நகை எல்லாம் தட்டில் வைத்து அவருக்குக் காட்டினேன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு யார் என்பதுபோல என்னைப் பார்த்தார். வெளிச்சம் சரியில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒரு யோசனை! ஹாலில் ஓடும் பஸ்ஸுக்கே இவ்வளவு பேச்சு வருகிறது என்றால், நிஜ 7-பி-யில் ஏற்றினால்? படியில் நின்று, ஜன்னல் காற்று பட்டு, ஊர் பின்னால் ஓடினால் எல்லாமே வந்துவிடாதா, பிருந்தா பெயர் உட்பட? அந்தோணியண்ணன் கொஞ்சம் தயங்கினார். நான் விடவில்லை. நாளைக்கே! காக்கிச் சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிவிட்டேன். தூக்கமே வரப்போவதில்லை.

ஏப்ரல் 22, திங்கள்

பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன்.

ஏப்ரல் 25, வியாழன்

மாமா பேசவில்லை. ஸ்டாப் பெயரும் இல்லை. விசிலைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பாத்ரூம் இல்லை. இங்கேயும் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

பஸ் ஸ்டாண்டில் 7-பி நின்றிருந்தது. இந்தக் காலத்துக் கண்டக்டர் தம்பிக்கு மாமா யாரென்று சொன்னதும் காலைத் தொட்டுக் கும்பிட்டது. பின்படியில் ஏற்றி நிறுத்தியது. மாமா கம்பியைப் பிடித்தார், தலையை வெளியே நீட்டினார், "சந்தக்கட, மில்லுகேட்டு" என்று ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வருசம் பின்னால் போய்விட்டேன். கனகாம்பரத்தைச் சரிபண்ணிக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அந்தக் காலத்துப் பெண்ணாட்டம் ஒரு காலைப் படியில் வைத்தேன்.

மாமா இரண்டு விசில் கொடுத்தார்.

டிரைவரைக் குறை சொல்ல முடியாது. விசில் கேட்டால் எடுப்பதுதான் அவர் வேலை. அந்தோணியண்ணனும் அப்படித்தான் எடுத்திருப்பார். நான் கையை ஊன்றி விழுந்தேன். பின் சக்கரம் என் சேலைத் தலைப்பின் மேல் ஏறி நின்றது. அதற்குள் மாமா ஒரு விசில் கொடுத்துவிட்டார். அப்புறமும் கொடுத்துக்கொண்டே இருந்தார், ஒன்று, ஒன்று, ஒன்று என்று. வண்டி நின்ற பிறகும் நிறுத்தவில்லை. யாரோ பிடித்து இறக்கினார்கள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை அவருக்கு. அந்த ரூட்டில் அதற்கு வார்த்தை இல்லை.

என் மேல் எனக்குக் கோபம். இதை எழுத எட்டு நாள் ஆகியிருக்கிறது.

மே 4, சனி

பிருந்தா கல்யாண லீவில் வந்துவிட்டாள். செல்போனில் எடுத்த படம் அவள் செல்போனுக்கும் வந்திருந்தது. நான் பாத்ரூம் என்று வாயைத் திறந்தேன், அவள் படத்தைக் காட்டினாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஹால் நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவர் ஓரமாகப் போட்டாள். அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தேருக்குப் போன கதையச் சொல்லுவியே, அன்னைக்கு நான் ஏன் தேரே பாக்கல, ஞாபகம் இருக்குதா?"

"காச்சலு."

"காச்சலு இல்லம்மா. பஸ்ஸுல எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்ச. அந்த அரை டிக்கெட்டக் கைல வெச்சுட்டு அழுதுட்டே இருந்தேன். நீ காச்சல்னு கூட்டிட்டு வந்துட்ட."

"ஏங்கண்ணு, அவுரு நேர்மையா..."

"நேர்மைதாம்மா. பாஸ் குடுக்கோணும்னா கேட்டேன்? அப்பான்னு கூப்புட்டேன், திரும்பிப் பாக்கோணும்னு நெனச்சேன். கேட்டுல ரெண்டு விசில் குடுப்பாரே, நான் கை தட்டிச் சிரிப்பேன்னு சொல்லுவ. நான் ஜன்னலத் தட்டி அழுவேன். போக வேண்டாம்னு. உனக்கு அது கை தட்டுறதாட்டத் தெரிஞ்சிருக்குது."

ஜன்னல். ஆமாம், கண்ணாடியில் அவள் உள்ளங்கை ஈரம் இருக்கும். நான்தான் துடைப்பேன்.

அந்தக் காலத்தில் நான் சந்தோசமாக இருந்தேனா? வாரத்தில் பாதி நாள் அவருக்கு வெள்ளக்கரட்டில் நைட் ஹால்ட், ராத்திரி பஸ்ஸிலேயே படுக்கை. குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு லைட்டை அணைக்காமல் படுப்பேன். பஸ்ஸில் ஏறும் பொம்பளைகளுக்கு என் புருசன் முகம் பார்க்கக் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது. அதனால்தானோ என்னவோ, பயணியாகவே உட்கார்ந்துகொள்ள எனக்கு அவ்வளவு பிடித்தது.

போதும். கை வலிக்கிறது.

மே 8, புதன்

பிருந்தாவும் ஷர்மிளா மிஸ்ஸும் சேர்ந்து நடத்துகிறார்கள். பஸ் கிடையாது. டம்ளர், சோப்பு, துண்டு, இன்றைக்கு என்ன கிழமை. மாமா வாயைத் திறப்பதே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, ஒரே ஒரு தடவை சந்தைக்கடை என்று எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

ஷர்மிளா மிஸ் யோசித்தாள். "குடுங்க்கா. பழசு வேண்டாம்னு யாரு சொன்னா? வழிதான் அது. ஆனா ஊட்டுல வந்து நிக்கோணும்."

மே 10, வெள்ளி

எடுத்துக் கொடுத்தேன். சந்தைக்கடை, மில் கேட், பெரிய ஆஸ்பத்திரி... அவர் உதடு அசைந்தது. வாய்க்கால் பாலம் வரைக்கும் வந்தோம். "நம்ம ஊடு" என்றேன்.

அங்கே ஸ்டாப் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். என்னைப் பார்த்தார். என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். சொல்லவில்லை. இறங்குவதுபோல ஒரு அடி முன்னால் வைத்தார்.

பிருந்தா அடுப்படியிலிருந்து காபியோடு வந்தாள். டம்ளரை நீட்டி, "என்னதுங்ப்பா இது?" என்றாள்.

"காப்பி" என்றார்!

காப்பி! அந்த ரூட்டில் காபி கிடையாது! நானும் பிருந்தாவும் சின்னப் பிள்ளைகளாட்டம் குதித்தோம், சுலோச்சனா மறுபடியும் அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தாள். காபி ஆறியே போய்விட்டது. சர்க்கரை வேறு போடவில்லை. அதற்கும் முகத்தைச் சுளித்து, "சக்கர" என்றார்!

மே 16, வியாழன்

"காப்பி", "சக்கர", "வெயிலு", "செருப்பு", "போதும்" என்று ஒவ்வொரு வார்த்தையாக வருகிறது. இன்றைக்கு "மயிலு". என் பெயரை அவர் சொன்னபோது கையில் இருந்த தேங்காயைக் கீழே போட்டுவிட்டேன். உடைந்துவிட்டது, நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டேன்.

பிருந்தா பெயர் மட்டும் வரவில்லை. "பி, பி" என்று சொல்லிக் கொடுக்கிறாள். அவர் முயற்சி பண்ணிப் பண்ணிக் கோபத்தில் கம்பைத் தட்டுகிறார். "உடுங்ப்பா, பரவால்லீங்" என்கிறாள். அவளுக்குப் பரவாயில்லாமல் இல்லை. கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிவிட்டு வருகிறாள்.

ஜாக்கெட்டெல்லாம் வெளியே தைக்கக் கொடுத்தாயிற்று. என் மகள் கல்யாணத்துக்கு இன்னொருத்தி கை வைத்த கழுத்து. சகிக்கவில்லை. சொல்லாமல் இருக்கிறேன்.

மே 18, சனி

மண்டபத்துக்குப் போகிற அவசரம். கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பிருந்தாவுக்கு விசில் கிடைத்தது. தூசி தட்டி அவள் பையில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று கேட்க நேரமில்லை.

மே 19, ஞாயிறு

கல்யாணம் நன்றாக முடிந்தது. சாப்பாட்டில் ரசம் மட்டும் உப்பு. மாப்பிள்ளை கோகுல் தாலி முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார், பார்க்கவே பிடித்திருந்தது. அதையெல்லாம் நாளைக்கு எழுதிக்கொள்ளலாம், இதை இப்போதே எழுத வேண்டும்.

பெண்ணை அனுப்பும் நேரம். கார் அந்தோணியண்ணனுடையது. மாலை, பூச்சரம் எல்லாம் கட்டி அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். பிருந்தா எல்லோர் காலிலும் விழுந்தாள். மாமாவுக்கு முன்னால் வந்து நின்று, பையிலிருந்து விசிலை எடுத்து அவர் கழுத்தில் போட்டாள்.

"அப்பா, இன்னைக்கு நான் போறனுங். ரெண்டு விசில் குடுத்து அனுப்புங்."

எந்தச் சத்தத்துக்குச் சின்ன வயசில் ஜன்னலைத் தட்டி அழுதாளோ அதை அவளே கேட்கிறாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். மாமா விசிலைக் கையில் எடுத்தார், ஆனால் ஊதவில்லை. நல்ல நேரம் முடிகிறது என்று மாப்பிள்ளையின் பெரியப்பா அவசரப்படுத்தவும் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். கார் மண்டபத்து வாசலைத் தாண்டப் போனது.

அப்போது மாமா ஊதினார். ஒரே ஒரு விசில்.

கார் கிறீச்சென்று நின்றது. அந்தோணியண்ணனின் கால் அந்தச் சத்தத்துக்கு இன்னும் பிரேக்கில்தான் போகிறது. உள்ளே இருந்தவர்கள் முன்னால் போய் முட்டிக்கொண்டார்கள். என்ன, என்ன என்று ஒரே கூச்சல். மாமா கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். தானாகவே கார் வரைக்கும் போனார். ஜன்னலில் குனிந்தார்.

"அம்மிணி" என்றார். இடது கையை நீட்டினார். "டிக்கெட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த பஸ் சிரித்ததே, அதே சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, பழையபடி அந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டார் என்று நினைத்தேன்.

பிருந்தா அவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "எடுக்கலீங்" என்றாள்.

மாமா அவள் முகத்தையே பார்த்தார். வாய் எதற்கோ முண்டியது. நீட்டிய கையை மடக்கி அவள் கன்னத்தில் வைத்தார்.

"வேண்டாங் கண்ணு" என்றார். அப்புறம், சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, பழைய கண்டக்டர் குரலில் சொன்னார்: "என்ற புள்ள!"

பெயர் வரவில்லை. பெயர் யாருக்கு வேண்டும்? பிருந்தா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, அப்பா" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவைக்கும் அவர் "ம்" என்றார். நான் ஓவென்று அழுதேன், கல்யாண வீடு என்றுகூடப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையும் அழுதார், அதற்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்துவிட்டது.

அப்புறம் கார் கிளம்ப வேண்டும். ஆனால் கிளம்பவில்லை. பெரியப்பா மறுபடியும் அவசரப்படுத்தினார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "நிறுத்துன விசில் இன்னும் நிக்குதுங். ரெண்டு வராம எடுக்க மாட்டேனுங்" என்றார்.

மாமா விசிலைத் தொடவில்லை. கார் ஜன்னல் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை விடியற்காலை இரண்டு விசில் கொடுத்துவிட்டுப் போனவர். இன்றைக்கு அவரால் கொடுக்க முடியவில்லை. பிருந்தா என்னைப் பார்த்தாள்.

நான் பக்கத்தில் போனேன். ஜன்னலிலிருந்து அவர் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன். விசில் அவர் நெஞ்சில்தான் தொங்கியது, கயிறு குட்டை. குனிந்து அவர் சட்டை மேல் முகம் வைத்து அதை வாயில் எடுத்தேன். இத்தனை வருசத்தில் நான் அதை ஒரு தடவைகூட ஊதிப் பார்த்ததில்லை.

இரண்டு முறை ஊதினேன்.

அந்தோணியண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தார்.